காரைக்குடிப் பக்கமிருந்து சிங்கப்பூருக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் கடல் தாண்டிப் போய்ப் பிழைப்பதற்கு 'கொண்டுவிக்கப் போறது' என்று ஒரு சொல் உண்டு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பையன்கள் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கப்பலேறி, மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பிய காலத்துச் சொல் அது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் முகப்பில் நிற்கிற பர்மாத் தேக்குத் தூண்கள் அந்தப் பயணங்களின் சம்பாத்தியம். இன்றைக்கு அதே ஊர்களிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காகப் போகிறார்கள். நான் கோட்டையூர். சிங்கப்பூரில் இரண்டு வருடம் முதுகலை படித்துவிட்டு வந்தேன். ஜூன், ஜூலை வந்தால் சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ யாராவது ஒரு பிள்ளை போன் பண்ணும். என்ன எடுத்துக்கொண்டு போவது, எங்கே சாப்பிடுவது, பார்க்க என்ன இருக்கிறது என்று ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அங்கே போன முதல் நான்கு மாதம் நான் அறை, வகுப்பு, நூலகம், மறுபடி அறை என்றே இருந்தேன். வீட்டில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பேன். ராத்திரி தூக்கம் வராது. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு, வந்த பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அறையில் கிடக்கவில்லை. படிப்பும் அப்புறம்தான் சீராக ஓடியது. அதனால் நான் சொல்கிற எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்: ஆறு நாள் படிப்புக்கு, ஒரு நாள் ஊர் பார்க்க. இதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்

சேர்க்கைக் கடிதம் வந்ததும் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைக் கொடுப்பது குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையம். 'சோலார்' என்ற இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பம். உங்கள் பல்கலைக்கழகம் முதலில் உங்கள் பெயரை அதில் பதிந்து விவரம் அனுப்பும். நீங்கள் நிரப்பிக் கட்டணம் கட்டினால், ஒப்புதல் கிடைத்ததும் 'ஐபிஏ' என்கிற கடிதம் வரும். முதல் தடவை நாட்டுக்குள் நுழைய அதுதான் கையில் இருக்க வேண்டிய தாள். இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டுச் சோதனை மேடையில் தவிக்காதீர்கள்.

நம் ஆட்கள் அதிகம் சிக்குவது பெயரில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கா. மீனாட்சி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பட்டச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல் இருக்கும். விண்ணப்பத்தில் எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழ் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது தெரியாமல், சேர்ந்த முதல் வாரம் முழுக்க ஊருக்கும் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

விமானம் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

பெட்டியில் எது, எது கூடாது

செட்டிநாட்டுச் சமையலறையிலிருந்து கிளம்புகிறவர்கள் இந்த இடத்தை நின்று படிக்க வேண்டும்.

கசகசா கொண்டு போகாதீர்கள். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற பொருள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் பார்வைக்கு வருகிற பொருள். உரிய அனுமதி இல்லாமல் உள்ளே எடுத்துப் போக முடியாது. தனியாகப் பொட்டலம் கட்டி யாரும் எடுத்துப்போவதில்லைதான். ஆனால் வீட்டில் திரித்த மசாலாப் பொடியில் அது இருக்கும். எனக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி ஆசையாக ஒரு கிலோ பொடி திரித்துக் கொடுத்தார்கள். "என்னென்ன போட்டீங்க ஆச்சி?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், மிளகு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, கடைசி விரலில் கசகசா வந்தது. விவரத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன ஆத்தா" என்று அது இல்லாமல் மறுநாளே வேறு திரித்துக் கொடுத்தார்கள். யார் பொடி கொடுத்தாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உப்புக்கண்டமும் கூடாது. குறிப்பிட்ட சில நாடுகளிலிருந்து மட்டும்தான் இறைச்சிப் பொருள்களை உள்ளே விடுவார்கள். நம் நாட்டு ஆட்டுக்கறி அந்தக் கணக்கில் வராது. 1992 முதல் சூயிங்கம் இறக்குமதிக்குத் தடை. மெல்லுகிற புகையிலை எந்தப் பெயரில் இருந்தாலும் தடை. மின்சிகரெட் வைத்திருந்தாலே குற்றம். வழக்கமாகச் சாப்பிடுகிற மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு, அட்டையை வெட்டாமல் எடுத்துப்போங்கள். அந்த மருந்துக்கு முன் அனுமதி வேண்டுமா என்று போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அரிசி, பருப்பு, புளி என்று எடையை நிரப்பாதீர்கள். தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கருவேப்பிலை முதல் இட்லி அரிசி வரை எல்லாம் கிடைக்கிறது. அந்த எடையில் இட்லிப் பொடி, மோர்மிளகாய், வத்தல், ஒரு சின்ன இரும்புக் கடாய் போதும். அப்புறம் தேன்குழலும் சீப்புச் சீடையும் மணகோலமும் தலா ஒரு டப்பா. இது உங்களுக்கு அல்ல, அறைத்தோழருக்கும் பக்கத்து அறைகளுக்கும். முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கும்போது ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினால் பேச்சு தானாக வரும். என் முதல் தோழி, ஹனோயிலிருந்து வந்தவள், சீப்புச் சீடையின் வரிகளைப் பார்த்து இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதில்தான் பழக்கமானாள்.

மின்சாரம் நம் ஊர் போல 230 வோல்ட்தான். ஆனால் அங்கே தட்டையான மூன்று முள் பிளக். மாற்றுப் பிளக் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே எப்போதும் புழுக்கம், வகுப்பறையில் ஏசி நடுக்கும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று அவசியம். கோயிலுக்குப் போக ஒரு நல்ல உடை.

பயணமும் முதல் மூன்று நாளும்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி இரண்டு மணி நேரப் பாதை. அந்தச் சாலையிலேயே, நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பு விமான நிலையம் வந்துவிடும். வழியனுப்ப வருகிறவர்கள் பேருந்திலேயே வரலாம். நீங்கள் இரண்டு பெட்டியோடு வாடகைக் காரில் போவது நல்லது.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்கச் சூரியன் காலை ஏழு மணிவாக்கில் உதித்து மாலை ஏழு மணிவாக்கில் மறையும். ஆறு மணிக்கு எழுந்து கோலம் போட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் வாரம் இது வினோதமாக இருக்கும். எழுந்தால் இன்னும் இருட்டு.

முதல் நாள் சிம் கார்டு, பயண அட்டை. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஒரே அட்டைதான். தூரத்தைப் பொறுத்துக் கட்டணம். ஏறும்போது தட்டுவது போலவே பேருந்திலிருந்து இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் கணக்குப் போட்டுப் பிடித்துக்கொள்ளும். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் உண்டு. நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் நில்லுங்கள், வலப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. உங்கள் படிப்புக்கு மாணவர் சலுகைக் கட்டணம் உண்டா என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். எல்லாப் படிப்புக்கும் கிடையாது.

இரண்டாம், மூன்றாம் நாள்களில் மாணவர் அனுமதியின் மிச்ச வேலைகளை முடித்துவிட்டு வங்கிக் கணக்கு திறங்கள். கணக்கு வந்ததும் 'பேநவ்' வசதியைப் போட்டுக்கொண்டால் நம் யுபிஐ மாதிரி கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பலாம். 2023 பிப்ரவரியிலிருந்து யுபிஐக்கும் பேநவுக்கும் இணைப்பு இருக்கிறது. வீட்டார் வங்கி அதில் சேர்ந்திருந்தால் சின்னத் தொகைகளை அப்படியே அனுப்பிவிடலாம். குழாய்த் தண்ணீரை நேராகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். போலீசுக்கு 999, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995.

அங்கே தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்பார்கள். "அஞ்சு வெள்ளி, அம்பது காசு" என்று கடைக்காரர் சொன்னால் திகைக்க வேண்டாம். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. நாணயத்திலேயே 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். முதல் நாணயம் கைக்கு வந்தபோது நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அறை

விடுதி கிடைத்தால் முதல் வருடம் விடுதியிலேயே இருங்கள். கிடைக்காதவர்கள் அரசு அடுக்குமாடிகளில் ஓர் அறை எடுப்பார்கள். வீவக வீடு என்று சொல்வார்கள். அதைக் குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று யாராவது கூப்பிட்டால் அது முறையான ஏற்பாடு இல்லை. அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இரண்டாம் வருடம் நான் எடுத்த அறையில், குடிவந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரர் "இங்கே சமைக்கக் கூடாது" என்றார். பேசும்போது சரி என்று தலையாட்டியவர்தான். ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதது என் தவறாகிப் போனது. அந்த ஆறு மாதமும் வெளிச் சாப்பாடுதான். அதனால் சமையல், துணி துவைப்பது, ஏசிக்குத் தனிக் காசா, விருந்தாளி வரலாமா, முன்பணம் எப்போது திரும்பும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

துணி காயப்போடுவதும் ஒரு வித்தை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டி அதில் சட்டையைக் கோத்துக் காயவைப்பார்கள். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் மழை கொட்டும். காலையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் பக்கத்து அறைத் தோழியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

சாப்பாடு

உணவங்காடி நிலையம் என்பதுதான் அந்த ஊரின் சாப்பாட்டுக் கூடம். ஒரே கூரையின் கீழ் சீன, மலாய், இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும். நடுவில் பொது மேசைகள். 2020இல் இந்தப் பழக்கம் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. மேசை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம், எடுத்து நகர்த்தாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும், 2021 முதல் இது கட்டாயம். கடைக்காரரை 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்று கூப்பிடலாம். தமிழ்க் கடையானால் அண்ணே, அக்கா போதும்.

காபி கேட்பது தனி இலக்கணம். 'கோப்பி' என்றால் கெட்டிப்பாலும் சர்க்கரையும் போட்டது. 'கோப்பி ஓ' பாலில்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' இனிக்காத டின் பால் ஊற்றியது. எதற்குப் பின்னாலும் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை வேண்டாம் என்று பொருள். டீக்கு 'தே' என்று வைத்து இதே வரிசை. 'தே தாரிக்' என்பது நம் டீக்கடை மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றுகிறாரே, அதேதான். வாய் நிறைய நுரையோடு வரும். கட்டிக்கொண்டு போக வேண்டுமானால் 'தாபாவ்' என்று சொன்னால் எந்தக் கடையிலும் புரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் விசாரித்துத்தான் சாப்பிட வேண்டும். காய்கறிப் பொரியல் மாதிரி தெரிவதில் இறால் விழுது இருக்கலாம். சூப்பில் நெத்திலி இருக்கலாம். "மீன், இறால் எதுவும் இல்லையே?" என்று தனித்தனியாகக் கேளுங்கள், 'சைவமா' என்று மட்டும் கேட்டால் இறைச்சி இல்லை என்பதோடு சிலர் நிறுத்திக்கொள்வார்கள். சீனர்கள் நடத்துகிற சைவக் கடைகள் பல நிலையங்களில் உண்டு. அங்கே சோயாவில் செய்த 'கறி' பார்க்க நிஜக் கறி மாதிரியே இருக்கும், அது சைவம்தான்.

எல்லா நாளும் வெளியே சாப்பிட்டால் கையும் வயிறும் தாங்காது. வாரத்தில் நான்கு நாளாவது சமையுங்கள். ஆனால் விடுதியின் பொது அடுப்பில் நம் சமையலுக்கு ஒரு பக்குவம் வேண்டும். முதல் முறை நான் சின்ன வெங்காயம் போட்டுக் காரக்குழம்பு வைக்கலாம் என்று எண்ணெயில் வரமிளகாயை இட்டேன். கோட்டையூர் வீட்டில் இரண்டாம் கட்டுக்கு மேலே திறந்த வானம். புகை தன்பாட்டுக்குப் போய்விடும். அங்கே தாழ்ந்த கூரை, மூடிய கதவு. அரை நிமிடத்தில் தாழ்வாரம் முழுக்க நெடி ஏறி ஆறு அறையிலிருந்தும் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். கூரையிலிருந்த புகைக் கருவி கத்த ஆரம்பித்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஹனோய்த் தோழி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்த முறையிலிருந்து வெங்காயம் பூண்டை முதலில் வதக்கி, புளிக்கரைசலை ஊற்றிய பிறகு மிளகாய்த்தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். நெடி ஏறவில்லை, ருசியும் பெரிதாகக் குறையவில்லை. தாளிப்பதானால் சின்னத் தீயில், ஜன்னல் திறந்து, உறிஞ்சு விசிறியைப் போட்டுவிட்டு. வறுத்து அரைக்கிற வேலையை ஊரிலேயே முடித்துப் பொடியாகக் கொண்டு போவதுதான் இதற்கு நல்ல வழி.

கணக்கு நோட்டு

என் அப்பத்தாவின் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தினமும் விளக்கு வைத்ததும் வரவு, செலவு, இருப்பு எழுதாமல் சாப்பிட மாட்டாராம். அப்பத்தா இதைச் சொல்லித்தான் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். கைப்பேசியில் எத்தனையோ செயலி இருக்கிறது. ஆனாலும் கையால் எழுதும்போது செலவு உறைக்கிறது. வாடகை, சாப்பாடு, பயணம், படிப்பு, ஞாயிறு என்று ஐந்து தலைப்பு போதும். ஞாயிறு என்று ஒரு தலைப்பை வேண்டுமென்றே வைத்தேன். அதற்கு ஒரு தொகை ஒதுக்கிவிட்டால், வெளியே போவதை வீண் செலவு என்று மனசு தடுக்காது.

ஒவ்வொரு தோசைக்கும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். சாப்பிட முடியாது, உடம்புதான் இளைக்கும். கைப்பேசி, காலணி என்று பெரிய சாமான் வாங்கும்போது மட்டும் பெருக்குங்கள். பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துவிடலாம் என்ற கணக்கில் கிளம்ப வேண்டாம். அனுமதிக்கப்பட்ட நிறுவனங்களில் படிக்கிறவர்களுக்குத்தான் அது உண்டு. பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம் வரைதான். உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாதீர்கள், அனுமதியே ரத்தாகலாம்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வகுப்பில் வாய் திறந்து கேள்வி கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்தவர் எழுதியதை மூலம் சொல்லாமல் எடுத்துப் போடாதீர்கள், அங்கே அது பெரிய குற்றம்.

ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் ஞாயிறு லிட்டில் இந்தியா. எம்ஆர்டியில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. மேலேறி வந்தால் மல்லிகைப்பூ வாசனை. தேக்கா சந்தையின் கீழ்த்தளத்தில் கீரை, ஆட்டுக்கறி, மீன், பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். சாயங்காலம் ஆக ஆகத் தெரு நிறையும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற நம் ஊர் அண்ணன்மாருக்கு அன்றைக்குத்தான் விடுப்பு. நடைபாதையோரம் நின்று பேசுகிற பேச்சில் புதுக்கோட்டையும் தேவகோட்டையும் திருவாடானையும் காதில் விழும். எந்த ஊர் என்று கேட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள். ஒரு அண்ணன் எனக்கு எந்தக் கடையில் நல்ல கருவாடு, எங்கே பணம் அனுப்பினால் கமிஷன் குறைவு என்றெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, "நல்லா படிங்க தங்கச்சி" என்று டீக்கும் அவரே காசு கொடுத்தார். அவர் வாங்குகிற சம்பளத்தில் அந்த டீயின் மதிப்பு எனக்குத் தெரியும். அந்த மனிதர்களைத் தாண்டிப் போகும்போது நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம். 2015இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை, வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு, மாணவர் அட்டையைக் காட்டிச் சலுகை கேளுங்கள். உள்ளே ஒரு கதவு நிலை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்த செட்டிநாட்டு வாசல். அதில் 5000 நுண்ணிய செதுக்கல்கள். ஊரில் அந்த மாதிரி வாசல்களைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அங்கே கண்ணாடி விளக்கு வெளிச்சத்தில் ஒரு விரல்கடை இடத்துக்குள் எத்தனை உருவம் என்று எண்ண முயன்று பாதியில் விட்டேன். விடுமுறைக்கு ஊர் வந்ததும் முதல் வேலையாக எங்கள் தெருவில் உள்ள வாசல்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது ஞாயிறு டேங்க் ரோடு. ஃபோர்ட் கேனிங் நிலையத்தில் இறங்கி நடந்தால் தெண்டாயுதபாணி கோயில். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1859இல் கட்டியது. பிற்பாடு புதுப்பித்துக் கட்டி, 2014இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். உள்ளே அண்ணாந்து பாருங்கள். தெய்வ உருவங்கள் பொறித்த 48 கண்ணாடிப் பலகைகள் காலை, மாலை வெயிலை வாங்குகிற சாய்வில் பதித்திருக்கிறார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் போவது நல்லது.

அதே நாள் ராஃபிள்ஸ் பிளேஸ் வரை போய் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். பார்க்க ஒன்றும் இல்லை, வானைத் தொடுகிற அலுவலகக் கட்டடங்கள்தான். ஆனால் அந்தத் தெருவில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கொடுக்கல் வாங்கலும் தங்கலும் ஒரே இடத்தில் நடந்த கட்டடங்கள் அவை. நீண்ட கூடத்தில் ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு செட்டியார் தொழில் நிறுவனத்துக்கும், ஒரு பெட்டி, ஒரு பாய். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி ஊர் திரும்புவான். கணக்கு எழுதிய இடத்திலேயே ராத்திரி படுக்கை. விடுதி அறை சின்னது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தெருவில் நின்றபோது வேறு மாதிரித் தோன்றியது.

அடுத்தடுத்த வாரங்களுக்குச் செலவில்லாத இடங்கள் நிறைய. தாவரவியல் பூங்கா இப்போதுள்ள இடத்தில் தொடங்கியதும் 1859தான், கோயிலுக்குச் சமவயது; 2015இல் உலக மரபுச் சின்னமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். கார்டன்ஸ் பை தி பேயில் கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட், ராத்திரி 7.45க்கும் 8.45க்கும் மர உருவக் கோபுரங்களில் நடக்கிற ஒளிக்காட்சியைப் புல்தரையில் படுத்துக்கொண்டு இலவசமாகப் பார்க்கலாம். ஹெண்டர்சன் வேவ்ஸ் என்ற மரப்பாலம் சாலைக்கு 36 மீட்டர் மேலே அலையாக வளைந்து போகிறது. ஃபேபர் மலையிலிருந்து நடந்து வாருங்கள். விக்டோரியா ஸ்ட்ரீட்டில் தேசிய நூலகம். வெளிநாட்டவர் புத்தகம் இரவல் வாங்க உறுப்பினர் கட்டணம் உண்டு, உட்கார்ந்து படிக்கக் காசில்லை. மழை பிடித்துக்கொண்ட ஞாயிறுகளில் அங்கே தமிழ்ப் புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவேன்.

ஊர் ஞாபகம் வந்து வாட்டினால் புலாவ் உபின் தீவுக்குப் போங்கள். தானா மேரா நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ். அங்கே படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும்; ரொக்கமாக வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தகரக்கூரை வீடு, சேவல் கூவல், மண் பாதை. சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் செக் ஜாவா சதுப்பு நிலம் வரை மிதிக்கலாம். காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் நின்றுவிடுங்கள், தீனி போடாதீர்கள். மாலை இருட்டுவதற்கு முன் துறைக்குத் திரும்பிவிடுங்கள். நேரமானால் 12 பேர் சேருவது கஷ்டம்.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை கிடையாது, வகுப்பு அட்டவணையை முன்கூட்டியே பாருங்கள். முதல் நாள் காலை டேங்க் ரோட்டிலிருந்து வெள்ளி ரதம் கியோங் சைக் ரோட்டில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய், சாயங்காலம் திரும்பும். பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் டேங்க் ரோடு வரை வரும். குன்றக்குடிக்கு நடந்து பழகியவர்களுக்கு அந்தத் தூரம் பெரிதில்லை. கூட்டத்தோடு நடந்து பாருங்கள்.

ஒரு விடுமுறைக்குப் பினாங்கு

பருவ இடைவெளியில் பினாங்குக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். ராத்திரிப் பேருந்து மலிவு. விமானம் ஒன்றரை மணி நேரம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசிய விசா விதி அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட் எடுப்பதற்கு முன்பு அன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள். மலேசியாவின் வருகைப் படிவத்தையும் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். உங்கள் மாணவர் அனுமதி அந்தத் தேதிகளில் செல்லுபடியாகிறதா என்பதையும் ஒரு தடவை பாருங்கள்.

ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த நகரம். காலையில் குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலில் தொடங்கி, பினாங்கு ஸ்ட்ரீட் வழியே கால்போன போக்கில் நடந்தால் போதும். மத்தியானம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரி கழியில் சோறும் குழம்பும் தூக்கி விற்ற காலத்திலிருந்து வந்த பெயர் அது. நாலு குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லி வாங்குங்கள்.

மறுநாள் நீர்வீழ்ச்சி சாலை. நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் அந்தச் சாலையில்தான், 1857இல் கட்டி முடித்தது. அங்கே கும்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் மேலே போனால் மலைக்கோயில், பாலதண்டாயுதபாணி. 513 படி. வெயில் ஏறுவதற்கு முன், எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்து மூடிக்கொள்ளுங்கள், வழியில் குரங்குகள் வரும். பாதிப் படியில் ஒரு தரம் திரும்பி உட்கார்ந்தால், கீழே ஊரும் அதற்கு அப்பால் கடலும் தெரியும். நம் ஊர்க்காரர்கள் கப்பலில் வந்து இறங்கிய கரை அந்தப் பக்கம்தான்.